நான்கு மணிக்கு எழுந்து படித்தும் மறந்துபோவது ஏன்?

கேள்வி: என் மகள் கடலூரில் பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கிறாள். பள்ளி முடிந்து, மஞ்சக்குப்பத்தில் டியூஷனையும் முடித்து வீடு வந்து சேர இரவு எட்டரை ஆகிவிடுகிறது. பன்னிரண்டு மணி வரை படித்துவிட்டு, நான்கு மணிக்கு எழுந்து டீ குடித்து மறுபடியும் உட்காருகிறாள். அப்படியும் தேர்வில் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்று அழுகிறாள். மாலையில் தலைவலி வேறு. ஞாபக சக்திக்கு டானிக் கொடுக்கலாமா டாக்டர்? – ஒரு தாய், நெல்லிக்குப்பம்.

பதில்: டானிக் வேண்டாம் அம்மா. ஆரோக்கியமான ஒரு மாணவியின் நினைவாற்றலைக் கூட்டும் என்று உறுதியாக நிறுவப்பட்ட டானிக் எதுவும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் மகளுக்கு இருப்பது ஞாபக மறதி நோயன்று. அவர் நான்கு மணி நேரம்தான் தூங்குகிறார் என்பதே முதல் பிரச்சினை.

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பகலில் படித்தவை முதலில் மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் துணையோடு தற்காலிகமாகப் பதிகின்றன. அவை மூளையின் வெளியடுக்கான புறணியில் நிலைபெறும் வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த தூக்கமும், பிற்பகுதியில் கனவுத் தூக்கமும் மிகுந்திருப்பதால், நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுப்பும்போது பின்னதில் பெரும்பகுதி வெட்டுப்பட்டுப் போகிறது. விடியற்காலையில் படித்தால் மனத்தில் பதியும் என்று பெரியவர்கள் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது எட்டு மணிக்கே விளக்கணைத்துப் படுத்த வீடுகளுக்குப் பொருந்திய பேச்சு.

எனவே இரவு பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழட்டும். குறைகிற நேரத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெரும்பாலான மாணவர்கள் படிப்பது என்று சொல்வது, ஒரே பக்கத்தை அடிக்கோடிட்டுக்கொண்டு நான்கைந்து முறை வாசிப்பதைத்தான். அப்படி வாசிக்கும்போது வரிகள் பழகிப்போய், தெரிந்துவிட்டதைப் போன்ற தோற்றம் உண்டாகிறது. வினாத்தாளைக் கண்டதும் அது கலைந்துவிடுகிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததிலோ, வாசித்ததைப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். தேர்வுக்கு வேண்டியது இரண்டாவது வகை நினைவுதான்.

டி.என்.ஏ. இரட்டிப்பாதல் பாடத்தை எடுத்துக்கொண்டால், ஒருமுறை கவனமாக வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பழைய நோட்டின் காலிப் பக்கத்தில் படத்தையும் நொதிகளின் பெயர்களையும் பாராமல் எழுதட்டும். விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்த்து, மறுநாளும், மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் அதையே மறுபடி எழுதிப் பார்க்கட்டும். முதல் நாள் பாதிகூட வராது. அதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை, ஏனெனில் தேடி நினைவுகூரும் அந்தச் சிரமம்தான் பாடத்தைப் பதிய வைக்கிறது. டியூஷனிலிருந்து பேருந்தில் திரும்பும்போது அன்றைய பாடத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கலாம். எல்லாப் பாடங்களுக்கும் டியூஷன் அவசியம்தானா என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

தலைவலிக்குத் தூக்கக் குறைவே காரணமாக இருக்கலாம் என்றாலும், கண் பரிசோதனை செய்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதைப் பல பிள்ளைகள் வீட்டில் சொல்வதே இல்லை. அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபினையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. அளவு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சோர்வும் கவனக்குறைவும் வரலாம். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அவர் விழுங்குகிறாரா, பைக்குள் போட்டுவிடுகிறாரா என்று விசாரியுங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், உணவுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. மாலை ஐந்து மணிக்கு மேல் டீயே வேண்டாம்.

காலையில் எழும்போதே தலைவலியுடன் வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அழுகையும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும் அவ்வாறே செய்ய வேண்டும். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் உங்கள் மகளே கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.