200 வாட் வேண்டாம், முதலில் கேபினெட்டைப் பாருங்கள்

ஒத்திகையில் கிட்டார் கேட்கவில்லை, 200 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். புது ஹெட் வாங்காதீர்கள். ஏற்காட்டு ஒத்திகையில் உங்கள் 100 வாட் சாலிட் ஸ்டேட் (வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டரில் இயங்கும்) ஹெட் டிரம்ஸுக்கு அடியில் அமுங்கக் காரணம் பெரும்பாலும் அந்த 16 ஓம் கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டிதான். ஓம் என்பது அதன் மின்தடை; அது கூடினால் இந்த வகை ஹெட் தரும் வாட் குறையும். 100 வாட் என்பது பொதுவாக 4 ஓமுக்கான கணக்கு. 16 ஓமில் கால்வாசியைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும்.

சேலத்தில் யாரிடமாவது 8 ஓம் கேபினெட் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அப்புறம் மிட் குமிழ், அதாவது நடு அலைவரிசை ஒலியைக் கூட்டிக் குறைப்பது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட்டை முழுக்கக் குறைத்தால் கனமாகத்தான் கேட்கும், பேண்டில் கிட்டாரே காணாமல் போகும். அஸ்தம்பட்டி அறையில் நாங்கள் அதைப் பாதிக்கு மேல் ஏற்றியதும் ரிஃப்பின் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) ஒவ்வொரு வெட்டும் தெளிந்தது.

மெட்டல் இசைக்கு வால்வ் ஆம்ப்தான் சரி என்பதையும் நம்பாதீர்கள். பான்டெரா மெட்டல் பேண்டின் கிட்டாரிஸ்ட் டைம்பேக் டாரெல் வாசித்த ரேண்டால் ஆர்ஜி100 ஆம்ப் சாலிட் ஸ்டேட்தான்.

ஒன்று கவனம்: ஹெட்டின் பின்னால் அச்சிட்ட குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகாதீர்கள், அவுட்புட் டிரான்சிஸ்டர் எரிந்துவிடலாம்.