ரொட்டேஷனுக்குப் போற கோபிசெட்டிபாளையத்துத் தங்கச்சிக்கு

தங்கச்சி, அமெரிக்காவுல பிஏ (பிசிஷியன் அசிஸ்டன்ட், மருத்துவரோட சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கறவங்க) படிப்புல முதல் வருசப் பாடம் முடிஞ்சு அடுத்த மாசம் கிளினிக்கல் ரொட்டேஷன், அதாவது ஆஸ்பத்திரியில பிரிவு பிரிவாப் போய்ப் பயிற்சி எடுக்கறது, தொடங்குது, எதுக்கெல்லாம் தயாரா இருக்கணும்னு கேட்டிருந்தீங்க. கூடவே, கோயமுத்தூர்ல பிஎஸ்சி பிஏ முடிச்ச உங்க சிநேகிதி நேரா இங்க வந்து வேலை பார்க்கலாமான்னும் கேட்டீங்க.

சிநேகிதி விசயத்தை முதல்ல முடிச்சுடலாம். முடியாதுங்க. பிஏ லைசென்ஸுக்குப் பான்ஸ் (PANCE)ங்கற தேசியத் தேர்வு எழுதியாகணும். பிஏ படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்கற ஏஆர்சி-பிஏ அமைப்போட அங்கீகாரம் உள்ள அமெரிக்கப் படிப்பை முடிச்சவங்களைத்தான் அதுல உக்கார விடுவாங்க. ஊர்ல வேலை பார்த்த அனுபவம் இங்க படிக்க விண்ணப்பம் போடறப்பக் கை கொடுக்கும், அவ்வளவுதான்.

இனி உங்க கேள்வி. குடும்ப மருத்துவம், எமர்ஜென்சி, இன்டர்னல் மெடிசின், சர்ஜரி, குழந்தைகள், பெண்கள் நலம், மனநலம் இந்த ஏழும் எல்லாருக்கும் கட்டாயம். ஒவ்வொண்ணும் பொதுவா 4 முதல் 6 வாரம். பல கல்லூரிகள்ல ரொட்டேஷன் முடிவுல 120 கேள்வி, 2 மணி நேரத் தேர்வு இருக்கும். வார்டுல பார்த்ததைத்தான் கேப்பாங்கன்னு இருந்துடாதீங்க. சர்ஜரியில மாசம் பூரா பித்தப்பையும் குடலிறக்கமுமே வரலாம், ஆனா கேள்வி தைராய்டுலயும் வரும். தேர்வு நடத்தறவங்க தலைப்புப் பட்டியல் வெளியிட்டிருக்காங்க, முதல் நாளே எடுத்து வெச்சுக்கங்க.

நம்மாளுங்க முதல்ல மாட்டறது ரொட்டேஷனுக்கு முன்ன குடுக்க வேண்டிய தடுப்பூசி, பரிசோதனைக் காகிதத்துல. குழந்தையில பிசிஜிங்கற டிபி தடுப்பூசி போட்டிருப்பாங்க, அதனால தோல்ல குத்திப் பார்க்கற டிபி டெஸ்ட் பாசிட்டிவ்னு வரலாம். ஐஜிஆர்ஏ ரத்தப் பரிசோதனை வேணும்னு கேளுங்க, பிசிஜி அதைக் குழப்பாது. ஆனா அதுவும் பாசிட்டிவ்னா 'பிசிஜியாலதான்'னு வாதாடாதீங்க. எக்ஸ்ரே எடுத்து, மறைஞ்சிருக்கற தொற்றுக்கு மருந்து வேணுமான்னு டாக்டரைக் கேட்டே ஆகணும். ஹெபடைட்டிஸ் பி ஆன்டிபாடி 10-க்குக் கீழ இருந்தா மறுபடி டோஸ் போட்டு, 1 - 2 மாசம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும். அடுத்த மாசம் ரொட்டேஷன்னா இந்த வாரமே ரத்தம் குடுத்துடுங்க.

வண்டியும் வேணும். கோபிக்கும் கோயமுத்தூருக்கும் இருக்கற தூரத்துல ஆஸ்பத்திரி கிடைச்சா ஆச்சரியப்பட வேண்டாம், விடியறதுக்கு முன்ன அங்க போற பஸ் கிடையாது.

மதிப்பெண் உங்க கையை விட்டுப் போற இடம் எதுன்னா, நோயாளியைப் பத்தி ப்ரிசெப்டர்கிட்ட (ரொட்டேஷன்ல உங்களுக்குப் பயிற்சி குடுக்கறவர்) வாயால சொல்றதுல. பெரியவங்க முன்னால கேட்டாத்தான் பேசணும்னு வளர்ந்திருக்கோம். இங்க அப்படி நின்னா 'ஆர்வம் இல்லை'ன்னு எழுதிடுவாங்க. வரிசை மாறாம மூணு நிமிசத்துல முடிக்கணும். முதல் வரியிலயே ஆள் யாரு, எதுக்கு வந்திருக்காங்கன்னு வரணும்: '52 வயசுப் பெண், சர்க்கரை நோய் உண்டு, ரெண்டு நாளா வலது மேல் வயித்துல வலி.' அப்புறம் வலியோட விவரம், தொடர்புள்ள பழைய நோய்கள், வைட்டல்ஸ் (காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் மாதிரி அளவுகள்), கையால பரிசோதிச்சது, லேப். கடைசியா என்ன நோய், என்ன செய்யலாம். இந்தக் கடைசிப் பகுதியிலதான் எல்லாரும் குரலை இறக்கிடறாங்க. 'வயித்து வலி, காரணம் பார்க்கணும்'னு நிறுத்தாதீங்க. 'பித்தப்பை அழற்சின்னு நினைக்கிறேன். காய்ச்சல் இருக்கு, மர்ஃபி சைன் (வலது விலாவுக்குக் கீழ அழுத்தறப்ப மூச்சை இழுத்தா வலியில நின்னுடறது) பாசிட்டிவ், வெள்ளணு கூடியிருக்கு. லைப்பேஸ் (கணையம் சுரக்கற நொதி) சரியா இருக்கறதால கணைய அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு. அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம்'னு துணிஞ்சு சொல்லுங்க. தப்பாப் போனா திருத்துவாங்க, அது குறையில்ல. லேப் தாளை மேல இருந்து கீழ வரைக்கும் ஒட்டுக்கா படிக்கறதுதான் குறை.

குழந்தைகள் பிரிவுல கணக்குல கவனம். எடையை அம்மாக்கள் பவுண்டுல சொல்லுவாங்க, மருந்து கிலோவுக்கு. 22 பவுண்ட் குழந்தைன்னா 2.2-ஆல வகுத்து 10 கிலோ. பாராசிட்டமால், இங்க அசெட்டமினோஃபென், கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 150 மி.கி. இங்க சிரப்புல 5 மில்லிக்கு 160 மி.கி. இருக்கும், ஆக சுமார் 4.7 மில்லி. வகுக்க மறந்தா 330 மி.கி., ரெண்டு மடங்குக்கு மேல. ஊர்ல இருந்து சிரப் கொண்டு வந்திருந்தா பாட்டிலை வாங்கிப் படிங்க, அதுல 5 மில்லிக்கு 250 மி.கி. கூட இருக்கும்.

பாட்டிலைப் படிக்கறதுன்னதும் இன்னொண்ணு. பேரக்குழந்தையைப் பார்க்க வந்த அப்பாரு, அம்மாயிகள் எமர்ஜென்சிக்கு வருவாங்க, கையில பாதி கிழிச்ச மாத்திரை அட்டையோட. அந்த பிராண்ட் பேர் இங்க யாருக்கும் தெரியாது. பின்னால பொடி எழுத்துல இருக்கற மருந்துப் பேரைப் படிச்சு எழுதுங்க. ஒரே மாத்திரையில மெட்ஃபார்மின், கிளிமிபிரைட்னு ரெண்டு சர்க்கரை மருந்து சேர்ந்திருக்கும். சாப்பிடாம மயங்கி வந்தவருக்குக் கிளிமிபிரைட்தான் சர்க்கரையை இறக்கியிருக்கும், அதைக் கண்டு சொன்னா அன்னைக்கு உங்களாலதான் உபகாரம். ஆனா அறுவைச் சிகிச்சைச் சம்மதம் வாங்கறப்ப மட்டும் நீங்க மொழிபெயர்க்காதீங்க. ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளரைப் போன்ல கூப்பிடச் சொல்லுங்க. தமிழ் தெரியும்ங்கறது வேற, அதுக்குத் தகுதி பெற்றவர்ங்கறது வேற.

ஆபரேஷன் தியேட்டருக்குக் காலையில சாப்பிடாம போகாதீங்க, மயங்கி விழறது பெரும்பாலும் வெறும் வயித்துலதான். உள்ள போனதும் நர்ஸ்கிட்ட பேர், கையுறை சைஸ் சொல்லி, கவுன் எங்க வெக்கணும்னு கேளுங்க. கழுவின கை இடுப்புக்குக் கீழ இறங்கக் கூடாது. கையுறை எங்கயாவது பட்டதோன்னு சந்தேகம் வந்தா யாரும் பார்க்கலைன்னாலும் உடனே சொல்லி மாத்திக்கங்க.

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்க கையில குத்திட்டா வேலையை முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருக்காதீங்க. சோப்புத் தண்ணியில கழுவிட்டு ப்ரிசெப்டர்கிட்ட அப்பவே சொல்லுங்க. எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டா 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எங்க போய்க் காட்டணும், செலவு யார் பொறுப்புன்னு உங்க கல்லூரிக் கையேட்டுல ஒரு பக்கம் இருக்கும். முதல் ரொட்டேஷனுக்கு முன்னாடியே அதைப் போன்ல படம் எடுத்து வெச்சுக்கங்க.