பாடம் தெரியாத பெற்றோர் பிள்ளைக்கு எப்படி உதவுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. மகள் அரசுப் பள்ளியில், ஆங்கில வழியில், ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்றரை ஷிப்ட் முடித்து நான் வீடு திரும்ப இரவாகிவிடுகிறது. அவளுடைய புத்தகம் எனக்குப் புரிவதில்லை. டியூஷனுக்கு அனுப்ப வசதியும் இல்லை. நான் என்னதான் செய்ய முடியும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, பாடத்தைக் கற்பிப்பது ஆசிரியரின் வேலை, உங்களால் செய்யக்கூடியது வேறொன்று, அதற்குப் பட்டம் தேவையில்லை. இரவு சமையலின்போதோ சாப்பிட்ட பிறகோ, கால் மணி நேரம் மகளை அருகில் உட்கார வைத்து, அன்று பள்ளியில் நடந்த பாடம் ஒன்றைப் புத்தகத்தைப் பார்க்காமல் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வரிக்கு வரி நெட்டுருப் போட்ட பிள்ளை தமிழில் சொல்ல முயலும்போது எங்கே தடுமாறுகிறதோ, அங்கேதான் அதற்குப் பாடம் புரியவில்லை என்பது, அந்தப் பாடத்தை ஒருநாளும் படித்திராத உங்களுக்குக்கூடத் தெரிந்துவிடும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். "எனக்குப் புரியலையே, இன்னொரு தடவை சொல்லு கண்ணு" என்று நீங்கள் உண்மையாகவே கேட்கும்போது, அவள் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறாள். அந்தப் பெருமையே அவளை அடுத்த நாள் வகுப்பில் கவனிக்க வைக்கும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாடங்களோடுதான் வருகின்றன. அதே பள்ளியின் தமிழ்வழி வகுப்பிலிருந்து ஒரு பழைய பிரதியை வாங்கி வைத்தால், அவளும் ஒப்பிட்டுப் படிக்கலாம், எழுத்துக்கூட்டியாவது நீங்களும் படிக்கலாம். பாடநூல் கழகத்தின் இணையதளத்திலும் இவை இலவசமாகக் கிடைக்கின்றன.

கணக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது. ஒரு பீஸுக்கு 1 ரூபாய் 75 காசு என்று வைத்துக்கொண்டால் 240 பீஸுக்கு எவ்வளவு, அது எத்தனை டஜன் என்று சனிக்கிழமை சம்பளக் கணக்கை அவளையே போடச் சொல்லுங்கள். 420 ரூபாய், 20 டஜன் என்று அவள் சொன்னால் சரியா தவறா என்பது உங்களுக்கு மனக்கணக்காகவே தெரியும். தசமப் பெருக்கலும் வகுத்தலும் அவளுக்கு அங்கேயே பழகிவிடும்.

இரண்டு செய்திகளைத் தவறவிடாதீர்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்னும் உதவித்தொகைத் தேர்வு நடக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாத அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் இதை எழுதலாம். தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். இதற்கு விண்ணப்பிக்க ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும் (பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 50 சதவீதம்) என்பதால், இந்த ஆண்டின் தேர்வு சாதாரணமானதல்ல. மற்றொன்று, பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். படிக்காதவர்கள் நமக்கென்ன அங்கே வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். பள்ளியில் கணித ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் அதை எழுப்ப வேண்டிய இடம் அந்தக் கூட்டம்தான். ஷிப்ட் காரணமாக வர இயலாது என்றால், வகுப்பாசிரியரிடம் எந்த நேரத்தில் தொலைபேசியில் பேசலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பி டியூஷன், பிறகு பள்ளி, மாலையில் மறுபடியும் டியூஷன், இரவு பன்னிரண்டு வரை படிப்பு. ஆனாலும் மதிப்பெண் குறைந்துகொண்டே வருகிறது. நேரத்தை இன்னும் கூட்ட வேண்டுமா?
– வாசகர், சென்னை

பதில்: குறைக்க வேண்டும் ஐயா. 13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. உங்கள் மகளுக்குக் கிடைப்பது நான்கு மணி நேரம். பகலில் கற்றது மனத்தில் நிலைப்பதற்கு உறக்கம் இன்றியமையாதது என்பதால், நீங்கள் பணம் கட்டி வாங்கும் பாடத்தின் பெரும்பகுதி அவளிடம் தங்காமலே போகிறது. அதிகாலை டியூஷனை இந்த மாதமே நிறுத்திவிடுங்கள் என்பதே என் கருத்து.

எஞ்சிய நேரத்தில் படிக்கும் முறையையும் மாற்றுங்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். பொதுத் தேர்வு மறுநிமிடம் வருவதில்லை. ஆகவே இரண்டாவது முறைதான் உங்கள் மகளுக்குத் தேவை. பாடத்தை மூடிவைத்து, வெள்ளைத்தாளில் நினைவிருப்பதை எழுதி, பிறகு புத்தகத்தைத் திறந்து விடுபட்டவற்றை வேறு மையில் அவளே நிரப்பட்டும். மூன்று நாள் கழித்து அதே பாடத்தை மறுபடியும் எழுதட்டும். திருப்பூர் சகோதரிக்குப் புத்தகம் பார்க்காமல் சொல்லச் சொல்லும்படி எழுதியதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: பேரன் கெட்டிக்காரன் என்று எல்லோரிடமும் சொல்லிப் பூரிப்பேன். இப்போது ஆறாம் வகுப்பில் கடினமான கணக்கைத் தொடவே மறுக்கிறான். ஏன்?
– ஒரு தாத்தா, தஞ்சாவூர்

பதில்: தவறினால் அந்தப் பட்டம் பறிபோய்விடுமே என்று குழந்தை அஞ்சுகிறது. புத்திசாலி என்று புகழப்பட்ட குழந்தைகள் தோல்விக்குப் பிறகு விரைவில் தளர்வதையும், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் மேலும் முயல்வதையும் 1998-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இனி விடையைப் பார்க்காமல் வழியைப் பாருங்கள். "மூன்றாவது வரியில் அடித்துவிட்டு வேறு வழியில் போட்டிருக்கிறாயே, எப்படித் தோன்றியது?" என்று கேளுங்கள். விடை தவறாக இருந்தாலும் அவன் எடுத்துச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே தவறை அவனே கண்டுபிடிப்பது பலமுறை நடக்கும்.