வாலிஸ்னேரியா கரைகிறது, பிடுங்கிவிடலாமா?

கேள்வி: 2 அடி நன்னீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். ஆறு கப்பி மீன்கள். தொட்டி சீக்கிரம் பச்சையாக நிறைய வேண்டும் என்று வாலிஸ்னேரியா என்ற நாடா இலை நீர்ச்செடியை நட்டேன். இரண்டு வாரத்தில் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகிக் கரைகின்றன. விளக்கு 12 மணி நேரம் எரிகிறது, செடிக்கென்று விற்கும் திரவ கார்பனும் ஊற்றுகிறேன். வளர்வது கண்ணாடியில் பாசி மட்டும்தான். பிடுங்கிவிட்டு டக்வீட் (மிதக்கும் குட்டி இலைச் செடி) போடட்டுமா?

பதில்: பிடுங்க வேண்டாம். முதலில் ஒரு செடியின் அடியைத் தொட்டுப் பாருங்கள். இலையும் வேரும் சேரும் இடம் வெளுப்பாக, வெங்காயத் தண்டு போல விறைப்பாக இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. பழுப்பாகிக் கொழகொழவென்று நாற்றம் அடித்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். புதுத் தண்ணீருக்கு வந்த வாலிஸ்னேரியா பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, இந்தத் தண்ணீருக்கு ஏற்ற புது இலை விடுவது வழக்கம்தான். கரைந்த இலைகளைக் கத்தரித்து வெளியே எடுங்கள். உள்ளேயே அழுகினால் அம்மோனியா ஆகி, பாசிக்குத்தான் விருந்து.

உங்கள் தொட்டியில் அதோடு வேறு காரணமும் சேர்ந்திருக்கிறது. திரவ கார்பன் என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு வகைக் கிருமிநாசினி. மற்ற செடிகள் தாங்கலாம், வாலிஸ்னேரியா அதில் கரைந்துபோவது தெரிந்த கதை. இன்றே நிறுத்துங்கள். விளக்கையும் 7 மணி நேரத்துக்குக் குறையுங்கள். வேர் பிடிக்காத செடிக்கு 12 மணி நேர வெளிச்சம் எதற்கு? அதை முழுக்கத் தின்பது பாசிதான்.

அடுத்தது நட்ட விதம். பெரும்பாலோர் அடித்தண்டையும் சேர்த்துப் புதைத்துவிடுவார்கள், அது அழுகிவிடும். சரளைக்குள் கொஞ்சம் ஆழமாகச் செருகி, பிறகு அந்த வெளுத்த பகுதி மேலே தெரியும் வரை மெதுவாக இழுத்து விடுங்கள். வேர் கீழ்நோக்கி விரிந்து நிற்கும், செடியும் மிதக்காது. சரளை 4, 5 செ.மீ. உயரம் இருக்கட்டும். வெறும் கல்லில் சத்து கிடையாது, இந்தச் செடியோ வேர் வழியாக நன்றாகச் சாப்பிடக்கூடியது. அதனால் வேருக்குப் பக்கத்தில் உர மாத்திரை ஒன்றைப் புதைத்துவிடுங்கள். அப்புறம் மூன்று நான்கு வாரம் கையை வைக்காமல் இருப்பதுதான் கஷ்டமான வேலை. இடம் மாற்றி மாற்றி நட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும்.

பிடித்துவிட்டால், சரளை மேலேயே ஓடுதண்டு விட்டு அடுத்தடுத்துக் குட்டிச்செடி போடும். குட்டிக்கு நான்கு இலையும் சொந்த வேரும் வந்த பிறகு தண்டை வெட்டி வேண்டிய இடத்தில் நடலாம். அதுவரை தாய்ச்செடிதான் சோறு போடுகிறது.

இந்த இடைவெளியில் பாசியை அடக்க டக்வீட் வேண்டாம், ஹார்ன்வர்ட் போடுங்கள். அதற்கு வேரே கிடையாது. நட வேண்டாம், சும்மா மிதக்க விட்டால் போதும். முதலில் கொஞ்சம் ஊசி இலை கொட்டும், பயப்படாதீர்கள். தண்ணீரிலுள்ள அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் அது உறிஞ்சிக்கொள்வதால் பாசிக்கு மிச்சம் குறையும். டக்வீட்டும் அதே வேலையைச் செய்யும்தான், ஆனால் நல்ல வெளிச்சத்தில் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகி மேற்பரப்பை மூடிவிடும், கீழே வாலிஸ்னேரியாவுக்கு இருட்டு. ஒரு தடவை வேறு செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த ஓரிரு இலையை நான் கவனிக்காமல் விட்டேன். அதை ஒழிக்க மாதக்கணக்கில் வலையும் கையுமாக நின்றேன்.

மிதக்கும் செடி எதுவானாலும் தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் போக விடாதீர்கள். பகலில் ஆக்சிஜன் விடும் அதே செடிகள் இரவில் அதை இழுத்துக்கொள்ளும். கல், மணல் போக 45 லிட்டர் தண்ணீர்தான் தேறும் தொட்டியில் இது சின்ன விஷயமில்லை. விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அடையாளம். உடனே செடியைக் குறைத்து, இரவில் காற்றுக்குழாயை ஓட விடுங்கள்.

செடிகள் காடாக வளர்ந்த பிறகு வாரம் ஒருமுறை கத்தரி அவசியம். செடி உறிஞ்சிய நைட்ரேட் அதன் உடம்புக்குள்தான் இருக்கிறது. வெட்டி வெளியே எடுத்தால்தான் தொட்டியை விட்டுப் போகும், உள்ளே அழுகினால் திரும்பத் தண்ணீருக்கே வரும். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஹார்ன்வர்ட்டில் பசுமையான நுனியை வைத்துக்கொண்டு வழுக்கையான அடியை எறியுங்கள்.

வெட்டியதைக் குளத்திலோ சாக்கடையிலோ போட்டுவிடாதீர்கள். ஆகாயத்தாமரையும் அழகுக்காகக் கொண்டுவந்த செடிதான். வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள், நல்ல உரம்.