வாசகர் கேள்விகள்: ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு ராத்திரி

கேள்வி: எங்கள் தெருப் பையன் ஒருவன், பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். பைக் திருட்டு என்று இரண்டு பெரிய ஆட்களோடு சேர்த்துச் சாயங்காலம் பிடித்துப்போனார்கள். விடியும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தான், அவன் அம்மா வாசலில் நின்றாள். "லாக்கப்பில் போடலையே, அப்புறம் என்னம்மா" என்றாராம் ஏட்டையா. சரிதானா? (தேனி வாசகி)

பதில்: சரியில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தால் போதும் என்று பல ஸ்டேஷன்களில் நினைத்துக்கொள்கிறார்கள். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 10-வது பிரிவு லாக்கப்பும் கூடாது, ஜெயிலும் கூடாது, பிடித்ததும் குழந்தைகள் நல காவல் அலுவலர் பொறுப்பில் விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. அதுவரை எங்கே வைப்பது? அதற்கு 12-வது பிரிவு: ஜாமீனில் விடவில்லை என்றால், விசாரணை முடியும்வரை சிறார்களைத் தங்க வைக்கும் கூர்நோக்கு இல்லத்திலோ, சட்டம் சொல்லும் பாதுகாப்பு இடத்திலோ மட்டும். அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் படித்தால் பெஞ்சுக்கு அங்கே இடமே இல்லை.

பெஞ்சு எப்படி வந்தது என்றால், மாவட்டத்துக்கு ஓர் இல்லம் அல்லது சில மாவட்டங்களுக்குச் சேர்த்து ஓர் இல்லம் என்றுதான் சட்டம் அரசுக்கு வழி விட்டிருக்கிறது. இல்லம் பக்கத்து மாவட்டத்தில் இருந்தால் ராத்திரியில் ஜீப் எடுக்க யாருக்கும் மனசு வராது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். குழுமம் அன்றைக்குக் கூடவில்லை என்பதையும் காரணமாகச் சொல்ல முடியாது, ஒரே ஒரு உறுப்பினர் முன் நிறுத்தினாலும் செல்லும்.

இன்னொன்று, இந்தப் பையனை முதலில் பிடித்திருக்கவே வேண்டுமா? கொடிய குற்றம் இல்லை என்றால், பையனின் நலனுக்கு அவசியமானால் ஒழியப் பிடிக்காமல், குழுமத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டு என்றைக்கு அழைத்துவர வேண்டும் என்று பெற்றோரிடம் சொன்னால் போதும் என்கின்றன 2016-ம் ஆண்டு மாதிரி விதிகள். சாதாரணத் திருட்டு மூன்று வருட தண்டனைக்குள் வருவது, சட்டத்தின் கணக்கில் அது சிறு குற்றம். பெரியவர்கள் கூட இருந்ததால் எஃப்.ஐ.ஆர். போடலாம், ஆனால் விசாரணையைச் சேர்த்து நடத்த முடியாது.

அந்த அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். வயதுக்கு முதல் சாட்சி பள்ளிச் சான்றிதழ், அது இல்லை என்றால் நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. எஸ்.ஐ. "பார்த்தா இருபது வயசு இருக்கும் போல" என்று சொல்வதெல்லாம் செல்லாது. பையனிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது, விலங்கும் மாட்டக் கூடாது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும்.

கேள்வி: இல்லத்துக்கு அனுப்பினால் மட்டும் பிள்ளை பத்திரமா? (வேலூர் வாசகர்)

பதில்: செங்கல்பட்டு அரசு சிறார் இல்லத்தை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2022 டிசம்பர் 31 அன்று அங்கே 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான், அடித்ததாக இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகு இல்லங்களின் நிர்வாகத்தைச் சீர்படுத்த வழி சொல்லும்படி முன்னாள் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு போட்டது. அதனால்தான் முதல் நாளே ஜாமீன் கேளுங்கள் என்கிறேன். சிறார்களுக்கு ஜாமீன்தான் பொது விதி. கெட்ட சகவாசத்தில் சேர்வான், அவனுக்கே ஆபத்து, நீதிக்கு இடைஞ்சல் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் மறுக்கலாம், அதையும் எழுதி வைக்க வேண்டும். ஜாமீன் நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியவில்லை என்றால் பையனைத் திரும்பக் குழுமத்தின் முன் நிறுத்தி நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: இங்கே போலீஸ் பிடித்த பையனை கவுன்சிலிடம் (உள்ளாட்சி நிர்வாகத்திடம்) ஒப்படைப்பார்களாமே, உண்மையா? (லண்டன் வாசகர்)

பதில்: சட்டப்படி உண்மை. குற்றம் சாட்டி, ஜாமீனும் மறுத்த பிறகு, ராத்திரி செல்லில் வைக்காமல் கவுன்சில் ஏற்பாடு செய்யும் இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 1984-ம் ஆண்டு போலீஸ் சட்டம் சொல்கிறது, போலீஸ் கேட்டால் கவுன்சில் இடம் கொடுக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டு குழந்தைகள் சட்டம் சொல்கிறது. 17 வயதுக்காரர்கள் இதில் வந்தது 2015-ல்தான், அதுவரை அவர்களைப் பெரியவர்கள் கணக்கில் வைத்திருந்தார்கள். ஓட்டை எங்கே என்றால், 'நடைமுறையில் முடியாது' என்று போலீஸ் எழுதிக் கொடுத்தால் செல்லிலேயே வைக்கலாம், பூட்டுள்ள பாதுகாப்பு இடம் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணமாகலாம். உங்களுக்குத் தெரிந்த பையன் யாராவது அங்கே ராத்திரி தங்க நேர்ந்தால், மறுநாள் வக்கீல் மூலம் அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள், அது கோர்ட்டில் காட்டப்பட வேண்டிய காகிதம்.