தாத்தாவின் பட்டாள நம்பரை முதலில் தேடுங்கள்

கேள்வி: என் தாத்தா (அப்பாவின் அப்பா) 1942 வாக்கில் பட்டாளத்தில் சேர்ந்து 1946-ல் ஊர் திரும்பினார். 1979-ல் காலமானார். பென்ஷன் எதுவும் வந்ததில்லை. பெட்டியில் கரையான் அரித்த டிஸ்சார்ஜ் புத்தகம், கறுத்துப்போன ஒரு நட்சத்திரப் பதக்கம், சீருடையில் எடுத்த படம் ஒன்று, இவைதான் மிச்சம். தாத்தாவின் தம்பியும் பட்டாளத்துக்குப் போனவர். அவர் திரும்பவே இல்லை. சிங்கப்பூரில் பிடிபட்டு நேதாஜி படையில் சேர்ந்தார் என்று சிலர், பர்மா சண்டையில் இறந்தார் என்று சிலர் சொல்கிறார்கள். லண்டனிலிருந்து ரெக்கார்டு வரவழைத்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?
(வாசகி ஒருவர், போளூர் வட்டம்)

பதில்: அன்புச் சகோதரிக்கு, பணம் கொடுக்காதீர்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் சாதாரண ஜவான்களுடைய சர்வீஸ் ஆவணங்கள் லண்டனுக்குப் போகவே இல்லை. அங்கே பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் கமிஷன் பெற்ற அதிகாரிகளின் கோப்புகள். ஜவான், நாயக், ஹவில்தார் ஆகியோரின் பதிவுகள் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸில் இருந்தன. தென்னாட்டவர் அதிகம் சேர்ந்த பிரிவுகள் பிரிவினையின்போது இந்தியாவிலேயே தங்கிவிட்டதால், நீங்கள் எழுத வேண்டிய முகவரி பெரும்பாலும் பெங்களூரிலோ நீலகிரியிலோதான் இருக்கும்.

எழுதுவதற்கு முன்னால் வீட்டுப் பெட்டியை நிதானமாகப் பாருங்கள். ராணுவப் பதிவுகளில் ஆளை அடையாளம் காட்டுவது நம்பர்தான். முனுசாமி என்ற பெயரில் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் சேர்ந்திருப்பார்கள், நம்பர் ஒருவருக்குத்தான். நம்பரும் படைப்பிரிவின் பெயரும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த இரண்டும் இல்லாமல் நாலா பக்கமும் கடிதம் போடுபவர்களுக்கு ‘விவரம் போதாது’ என்ற ஒற்றை வரிப் பதில்தான் வரும்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தை லாமினேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். சூட்டில் பழைய மை மங்கும், நொறுங்கிய தாள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் வேண்டாம். சில வருடங்களில் பழுப்பேறி எழுத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். ஈரத்துணியால் துடைக்கவும் கூடாது. அக்காலத்தில் பரவலாகப் புழங்கிய காப்பியிங் பென்சில் எழுத்து, ஈரம் பட்டால் ஊதாவாகக் கரைந்து ஓடும். மென்மையான பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டு, நேர் வெயில் படாத திண்ணை வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுங்கள். தாளில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து, படத்தைப் பெரிதாக்கி ஒளியைக் கூட்டிக் குறைக்கும்போது தெரியவரும். நம்பர், ரேங்க், படைப்பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம், பதக்கங்கள் எல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கும். நம்பருக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது எழுத்து இருந்தால் அதையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். படைப்பிரிவின் பெயர் சுருக்கெழுத்தாக இருந்தால், உங்கள் ஊகத்தைச் சேர்க்காமல் இருக்கிறபடியே எழுதுங்கள்.

பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். இரண்டாம் உலகப்போர் நட்சத்திரங்களுக்கு ஆறு முனை. நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரை, அதைச் சுற்றிய வளையத்தில் பதக்கத்தின் பெயர். நாடா போயிருந்தாலும் அந்த வளையத்தைப் படித்தால் போதும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் மெல்லிய தாளை மேலே வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்தால் எழுத்து தாளில் எழும்பி வரும். ‘பர்மா ஸ்டார்’ என்றால் 1941 டிசம்பர் 11-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில் பர்மாப் போர்முனையில் இருந்திருக்கிறார். ‘ஆப்பிரிக்கா ஸ்டார்’ 1943 மே 12 வரை வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கு. ‘இத்தாலி ஸ்டார்’ 1943 ஜூன் 11-லிருந்து ஐரோப்பியப் போர் முடியும்வரை. ‘பசிபிக் ஸ்டார்’ என்றால் மலாயா, சிங்கப்பூர்ச் சண்டையையும் நினைக்கலாம். நட்சத்திரத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். நம்பரும் பெயரும் பொறித்திருந்தால் அதிர்ஷ்டம், வெறுமையாக இருந்தால் பதக்கம் பொய் என்று அர்த்தமில்லை. பெயர் பொறிக்காமல் கொடுத்த பதக்கங்கள் ஏராளம்.

படத்தில் தோளின் ஓரத்தில் இருக்கும் பித்தளை எழுத்தையும் கையில் தைத்த சின்னத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். கையில் இருப்பது டிவிஷன் சின்னம். கறுப்புப் பூனை 17-வது இந்திய டிவிஷன், கத்தி பிடித்த கை 19-வது, சண்டைச் சேவல் 23-வது, கழுகு 4-வது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை நம்பாதீர்கள், உருவத்தைப் பாருங்கள். ஸ்டுடியோவில் இரவல் சட்டை போட்டு எடுத்துக்கொண்டவர்களும் உண்டு என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பழைய கடித உறை ஏதாவது அகப்பட்டால் தபால் முத்திரையைப் பாருங்கள். போர்முனைத் தபாலாபீஸ்களுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, நம்பர்தான். எந்த நம்பர் எந்த மாதம் எங்கே இருந்தது என்ற பட்டியல்கள் ராணுவத் தபால் முத்திரை சேகரிப்பவர்களிடம் இருக்கின்றன.

இனி முகவரி. மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்றிருந்தால் இன்றைய மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அதன் ரெக்கார்டு ஆபீஸ் பெங்களூரில். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். பயனியர் கோர் பெங்களூர். லாரி ஓட்டியவர், சப்ளை டிப்போவில் இருந்தவர் என்றால் ஆர்மி சர்வீஸ் கோர்; அதன் தென்பகுதி ரெக்கார்டும் பெங்களூர்தான். சிக்னல்ஸ் ஜபல்பூர், மருத்துவப் பிரிவு லக்னோ, பட்டறை மெக்கானிக்குகளின் ஈ.எம்.ஈ. செகந்திராபாத். சமையல்காரர், சலவைக்காரர் போன்றோரையும் நம்பர் கொடுத்தே சேர்த்தார்கள். ‘சண்டை போடாதவர்தானே’ என்று தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

கடிதம் எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் பலருக்கும் காரியம் கெடுகிறது. ‘என் தாத்தாவின் முழு விவரங்களையும் அனுப்புங்கள்’ என்று கேட்டால், ‘ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன’ என்று பதில் வரும். அது பொய்யும் அல்ல. பென்ஷன் பெறாமல் விலகியவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழிப்பது ராணுவ விதி. போர் முடிந்து ஆட்குறைப்பில் அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் பென்ஷனுக்குரிய சர்வீஸை முடிக்கவில்லை. உங்கள் தாத்தாவும் அப்படித்தான் என்று தெரிகிறது. அவருடைய ‘ஷீட் ரோல்’ என்ற விரிவான தாள் போயிருக்கலாம். ஆனால் ‘லாங் ரோல்’ என்றொரு பேரேடு உண்டு. அதை அழிப்பதில்லை. ஓர் ஆளுக்கு ஒரு வரிதான். நம்பர், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம் போன்றவை அந்த வரியில் இருக்கும். எனவே ‘லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்காததால் வெறுங்கையோடு நின்றுவிட்ட குடும்பங்கள் பல.

கடிதம் ஒரே பக்கம், ஆங்கிலத்தில் இருக்கட்டும். நம்பர், பெயர், அவருடைய அப்பா பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா. ஜில்லாவை அன்றைய பெயரில் எழுத வேண்டும்: போளூர் அப்போது வடஆற்காடு ஜில்லா. திருவண்ணாமலை மாவட்டம் என்று மட்டும் எழுதினால் பழைய பேரேட்டில் பொருந்தாது. சேர்ந்த ஆண்டைத் தோராயமாகச் சொல்லுங்கள். கேள்விகள் ஐந்தாறு போதும்: சேர்ந்த தேதி, ரேங்கும் தொழிலும், எந்தக் கம்பெனி அல்லது பட்டாலியன், விலகிய தேதியும் காரணமும், பதக்கங்கள், வாரிசாகப் பதிவான பெயர். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், அப்பாவின் பெயரோடு தாத்தா பெயரும் வரும் ஒரு சான்று, உங்கள் ஆதார், இவற்றின் நகல்களை மட்டும் வையுங்கள். அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எந்தக் காரணத்துக்காகவும் தபாலில் அனுப்பாதீர்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு மாதம் பார்த்தும் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்ட மனு. கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்திலும் போடலாம், போஸ்டல் ஆர்டர் இணைத்துத் தபாலிலும் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘அடுத்தவரின் சொந்தத் தகவல்’ என்று மறுத்தால், அதே சட்டத்தின் 8(3) பிரிவைச் சுட்டி முதல் மேல்முறையீடு செய்யுங்கள்: 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்கு அந்த விலக்கைக் காட்ட முடியாது. ‘அழிக்கப்பட்டது’ என்று பதில் வந்தால், லாங் ரோலில் தேடினார்களா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். பெயர் எழுத்து மாறியிருக்கும், வயது தோராயமாக இருக்கும், வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்ச் சேர்ந்தவர் அப்பா பெயரைக்கூட மாற்றிக் கொடுத்திருப்பார். வரும் பதிலில் ஒரு விவரம் ஒத்துவரவில்லை என்பதற்காக ‘இவர் இல்லை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். கிராமமும் வாரிசுப் பெயரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

கம்பெனி நம்பர் கிடைத்தால் அவர் எங்கெங்கே போனார் என்பதும் விளங்கும். மெட்ராஸ் சேப்பர்ஸின் 12-வது ஃபீல்டு கம்பெனி 4-வது இந்திய டிவிஷனோடு வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இருந்தது. அதே சேப்பர்ஸின் வேறு கம்பெனிகள் அந்தச் சமயத்தில் பர்மாவில் பாலம் கட்டிக்கொண்டிருந்தன. ஆகவே ‘மெட்ராஸ் சேப்பர்ஸ்’ என்பது மட்டும் போதாது. படைப்பிரிவுகள் அன்றன்று எழுதிய போர் நாட்குறிப்புகள் லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் கோப்பு வரிசை எண்கள்: மத்திய கிழக்குக்கு டபிள்யூஓ 169, இத்தாலிக்கு 170, பர்மா உள்ளிட்ட தென்கிழக்காசியாவுக்கு 172. அட்டவணையை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அவற்றில் ஜவான்களின் பெயர் அபூர்வம். ‘இன்ன தேதியில் இன்ன ஆற்றங்கரையில் முகாம்’ என்பது இருக்கும். தரகரிடம் கொடுக்க வைத்திருந்த பணத்தில் செலவு செய்வதானால் கம்பெனி நம்பர் உறுதியான பிறகு இதற்குச் செலவு செய்யலாம். டெல்லியில் உள்ள யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷனின் ராணுவ வரலாற்று ஆய்வு மையத்துக்கும் எழுதிக் கேட்கலாம்.

தாத்தாவின் தம்பிக்கு வழி வேறு. சர்வீஸில் இருக்கும்போது இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் இருக்க வேண்டும். தேடல் இலவசம். இரண்டாம் உலகப்போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பெயரை முழுதாக அடித்துத் தேடினால் ஏமாறுவீர்கள். ஆங்கிலத்தில் ‘சாமி’யின் கடைசி எழுத்து ஒருவருக்கு ஐ, இன்னொருவருக்கு ஒய், ‘மு’வுக்கு யூ ஒரு இடத்தில், இரண்டு ஓ இன்னொரு இடத்தில். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, இந்திய ராணுவம் என்பதைத் தேர்ந்தெடுத்து, கூடுதல் தகவல் கட்டத்தில் ‘நார்த் ஆற்காட்’ என்றோ ‘போளூர்’ என்றோ ஆங்கிலத்தில் போடுங்கள். ‘இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா’ என்ற குறிப்பு பல பதிவுகளில் உண்டு. அப்பா பெயரை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க முடியும்.

பெயர் கிடைத்தாலும் கல்லறை இருக்காது என்பதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். உடல் கிடைக்காதவர்களின் பெயர்களும் தகனம் செய்யப்பட்ட இந்துக்களின் பெயர்களும் நினைவுச் சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பர்மாவில் மடிந்தவர்களுக்கு யாங்கூனுக்கு வடக்கே தாவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகம்; அதில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள். மலாயா, சிங்கப்பூர் என்றால் கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவகம். அங்கே 24,000-க்கும் மேல். எந்தப் பக்கத்துச் சுவர், எந்த நெடுவரிசை என்பதுவரை பதிவில் இருக்கும். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் தேடிப் பயனில்லை. அது தென்னிந்தியா, கிழக்கிந்தியக் கல்லறைகளிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கானது. பெயர் எங்கேயும் இல்லை, ஆனால் சர்வீஸில் இறந்ததற்கு ஆவணம் இருக்கிறது என்றால், சேர்க்கச் சொல்லி ஆணையத்துக்கே விண்ணப்பிக்கலாம். ஊர்ப்பேச்சை ஏற்க மாட்டார்கள்; எழுத்து ஆதாரம் வேண்டும்.

சிங்கப்பூரில் பிடிபட்ட கதை உண்மையாக இருந்தால் இரண்டு வழி இருந்திருக்கும். 1942 பிப்ரவரி 15-ல் சரணடைந்த பிறகு, 17-ம் தேதி ஃபாரர் பார்க்கில் இந்தியக் கைதிகளைத் தனியே பிரித்தார்கள். பலர் நீங்கள் சொல்லும் நேதாஜி படையில், அதாவது இந்திய தேசிய ராணுவத்தில், சேர்ந்தார்கள். சேராதவர்களில் பலரை ஜப்பானியர் நியூகினி, நியூபிரிட்டன் தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்தவர்களும் உண்டு. ஆகவே நியூபிரிட்டனில் உள்ள ரபாவுல் பக்கமும் தேடுங்கள். இந்திய தேசிய ராணுவம் தொடர்பான 990 கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகம் 1997-ல் வெளிப்படுத்தி, டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தது. அந்தக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு அட்டவணையைத் தேடலாம்.

ஒன்றை வீட்டில் இன்றே கேளுங்கள். சின்னத் தாத்தாவின் தாயாருக்கோ மனைவிக்கோ மாதாமாதம் ஏதாவது பணம் வந்ததா? வந்திருந்தால் அது ராணுவக் குடும்பப் பென்ஷனா, தியாகி பென்ஷனா? ராணுவப் பென்ஷன் என்றால் பி.பி.ஓ. நம்பர் (பென்ஷன் வழங்கும் உத்தரவின் எண்) ஒன்று இருக்கும். அதை வைத்து பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத்துறைப் பென்ஷன் கணக்கு அலுவலகத்தில் கேட்கலாம். தியாகி பென்ஷன் என்றால் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பக் கோப்பு திறந்திருப்பார்கள். ஊரில் இரண்டு விதமாகச் சொல்லும் கதையில் எது சரி என்பது அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடலாம்.

உங்கள் பாட்டி இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் திருவண்ணாமலை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பென்ஷன் பெறாத இரண்டாம் உலகப்போர் வீரர்களின் மனைவியருக்கு மாத நிதியுதவி உண்டு. டிஸ்சார்ஜ் புத்தகத்தின் படங்களைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பாட்டி இல்லை என்றாலும் அங்கே ஒரு நடை போய், தாத்தா பெயரில் பழைய பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் நம்பர் இருந்த மூலையையே கரையான் தின்றிருந்தால், அந்த நம்பர் கிடைக்க வாய்ப்புள்ள இடம் அந்த அலுவலகம்தான்.