மனைவி தேர்தலில் நின்றால் கணவரின் அரசு வேலைக்கு ஆபத்தா?

கேள்வி: தபால் துறையில் 11 ஆண்டுகளாக அஞ்சல் உதவியாளராக இருக்கிறேன். என் மனைவி ஒரு கட்சியின் உறுப்பினர். எங்கள் பேரூராட்சி வார்டில் நிற்கும்படி கட்சியில் கேட்கிறார்கள். "சம்சாரத்தை விலகச் சொல்லுங்க, இல்லாட்டி மெமோதான்" என்கிறார் மேலதிகாரி. கல்லூரி நாளில் நானும் அதே கட்சியில் உறுப்பினர் அட்டை வாங்கியவன்; வேலைக்கு வந்த பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டு காம்பவுண்டு சுவரில் சின்னம் வரையலாமா என்று வேறு கேட்கிறார்கள். என் வேலைக்கு ஆபத்து வருமா?
- வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் மனைவி தாராளமாக நிற்கலாம். அதற்கு உங்கள் அலுவலகத்தின் அனுமதி வேண்டாம். சட்டப்படி உங்கள் அனுமதியும் வேண்டாம். நீங்கள் சம்பளம் வாங்குகிறீர்கள் என்பதற்காக அவருடைய அரசியல் உரிமை அடகுக்குப் போய்விடவில்லை. இதை முதலில் இருவரும் மனதில் வையுங்கள்.

உங்களைக் கட்டுப்படுத்துவது 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள். அதில் 5-ஆவது விதியின்படி அரசு ஊழியர் எந்த அரசியல் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக்கூடாது, அரசியல் இயக்கங்களுக்குப் பணம் தரக்கூடாது, தேர்தலில் யாருக்கும் ஆதரவு திரட்டக்கூடாது. குடும்பத்தினரைப் பற்றியும் அதில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்த அதிகாரி அதைத்தான் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சட்டப்படி அமைந்த அரசைக் கவிழ்க்க முனையும் இயக்கத்தில் குடும்பத்தினர் சேராமல் தடுக்க முயலுங்கள், முடியாவிட்டால் அரசுக்குத் தெரிவியுங்கள் என்பதுதான் அந்தப் பிரிவு. வார்டு தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்பது எந்த அரசையும் கவிழ்க்கும் காரியம் அல்ல. ஒரு பெண்ணைத் தேர்தலிலிருந்து விலக்க அவர் கணவரின் வேலையைக் காட்டி மிரட்டுவது எனக்கு மிகவும் வேதனை தருகிறது. மெமோ வந்தால் பதறாதீர்கள். எந்த விதியை மீறினேன் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்களும் எழுத்திலேயே பதில் கொடுங்கள்.

நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது உங்கள் சொந்த நடத்தையில்தான். சுவரில் சின்னம் வேண்டவே வேண்டாம். அரசு ஊழியர் தன் உடலிலோ வண்டியிலோ குடியிருக்கும் வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டினால், தேர்தலில் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகவே 5-ஆவது விதி கொள்ளும். 'வரைந்தது நான் இல்லை, மனைவியின் கட்சிக்காரர்கள்' என்று விசாரணையில் வாதாடலாம்தான். ஆனால் அந்த வாதத்தை நம்பி 11 வருட சர்வீஸை வைக்க நான் சொல்ல மாட்டேன். தேர்தல் அலுவலகத்தை அவருடைய அண்ணன் வீட்டிலோ வாடகைக் கடையிலோ போடச் சொல்லுங்கள். உங்கள் பைக்கில் அவர் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் இன்றே சுரண்டி எடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவருடைய நோட்டீஸைப் போட ஆசை வரும். அதுவும் ஓட்டுக் கேட்பதுதான்.

வேட்புமனுவில் முன்மொழிபவராகக் கையெழுத்துப் போடாதீர்கள், பூத் ஏஜென்டாக உட்காராதீர்கள். இரண்டையும் நேரடி அரசியல் பங்கேற்பாகவே அரசு எடுத்துக்கொள்கிறது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் அரசு ஊழியர் ஏஜென்டாக உட்கார்ந்தால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134ஏ பிரிவின்படி 3 மாதம் வரை சிறையும் உண்டு. பிரசாரச் செலவு அவருடைய கணக்கிலிருந்தே போகட்டும். உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து கட்சிக்காரர் யாருக்கும் ஜிபே செய்ய வேண்டாம். தேர்தல் பணிக்கு உங்களைப் போட்டால், மனைவி வேட்பாளர் என்று உடனே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஓட்டுப் போடுவதை யாரும் தடுக்க முடியாது. யாருக்குப் போட்டீர்கள் என்பதை மட்டும் வெளியே சொல்லக்கூடாது.

கல்லூரி கால அட்டையை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆசிரியர் முன்பு ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் ஈடுபட்டவர் என்ற போலீஸ் அறிக்கையை வைத்து 1974-இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பழைய அரசியல் தொடர்பைக் காட்டி ஒருவரின் பிழைப்பைப் பறிக்க முடியாது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி கடுமையாகவே எழுதினார். ஆனால் அட்டை வாங்கியது அன்றைக்கு என்றாலும், கட்சியின் பதிவேட்டில் உங்கள் பெயர் இன்றும் இருக்கக்கூடும். அது நடப்பு உறுப்பினர் என்ற பொருளைத் தந்துவிடும். வேலையில் சேர்ந்த நாள் முதல் எனக்குக் கட்சியோடு தொடர்பில்லை, பெயரை நீக்குங்கள் என்று மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி ஒப்புகையோடு அனுப்புங்கள். நகலையும் ஒப்புகையையும் சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.